பைப் ரசிகர் பேரவையின் தண்ணீர்ப் பந்தல்

கிள்ளான் பள்ளத்தாக்கு பைப் ரசிகர் பேரவையில் யாரும் புகைப்பதில்லை. இதை நான் முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அவர்களும் இதைத்தான் முதலில் சொல்வார்கள்.

பைப்பில் புகையிலையை அடைப்பார்கள். தீக்குச்சியைக் கிழிப்பார்கள். இழுப்பார்கள், ஊதுவார்கள். பங்சாரில், பேரவைத் தலைவர் டத்தோ ரெங்கசாமியின் பங்களாவில், கார்களை வெளியே எடுத்துவிட்டு நாற்காலி போட்ட அந்தப் போர்ச்சில், எதிரே இருப்பது செயலாளரா பூந்தொட்டியா என்று தெரியாத அளவுக்கு மூட்டம் போடும். ஆனாலும் அது புகைப்பது அல்ல, ருசிப்பது. புகைப்பவன் என்பவன் கடைக்குப் பின்னால் சாக்கடை ஓரம் குந்திக்கொண்டு சிகரெட் பிடிப்பவன். ருசிப்பவருக்கு டை உண்டு, சட்டையில் குத்திக்கொள்ள பேட்ஜ் உண்டு, ஆண்டுப் பொதுக்கூட்டம் உண்டு, முடிவில் நன்றியுரை உண்டு. நன்றியுரை சொல்கிற இடத்தில் எவனாவது கெட்ட காரியம் செய்வானா?

இந்தக் கேள்வியைத்தான் முகுந்தன் தமக்குத்தாமே அடிக்கடி கேட்டுக்கொண்டார். 

முகுந்தனுக்கு ஐம்பது தாண்டிவிட்டது. கிள்ளானில் வீடு, துறைமுகத்தில் சரக்கு அனுப்பும் ஒரு ஃபார்வர்டிங் கம்பெனியில் வேலை. ஒருநாள் காலையில் லிஃப்டுக்குக் காத்திருந்தவர் அப்படியே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார். ஆஸ்பத்திரியில் ஸ்டென்ட் வைத்தார்கள். புகை அறவே கூடாது, இனிப்பைக் குறைக்க வேண்டும் என்றார் டாக்டர். மனைவி சீதாலெட்சுமி டாக்டரிடம் அதிகம் பேசவில்லை. ஆஸ்பத்திரி நடைபாதையிலேயே கண்ணை மூடிக்கொண்டு மேலிடத்தில் பேசினார்.

“முருகா, இந்த மனுசன் எழுந்து வந்து புகைய விட்டுட்டாருன்னா, வர்ற தைப்பூசத்துக்கு பத்துமலையில உனக்குப் பால்குடம் எடுக்குறேன்.”

முகுந்தன் எழுந்து வந்தார். விட்டார். அதிலே பொய் இல்லை, நிஜமாகவே விட்டார். உடம்பு தேறியது. ஆனால் பேச்சுத்துணை போய்விட்டது. ஆபீஸ் பின்பக்கப் படிக்கட்டில் தினமும் சிகரெட் பிடிக்க ஒரு கூட்டம் கூடும். வெற்றிலை போடுகிறவன் முதல் மேனேஜர் வரை ஊர்வம்பு பேசுகிற இடம். அங்கே போய் நின்றால் கை துறுதுறுக்கும். போகாவிட்டால் பேச ஒரு ஜீவன் கிடையாது. மத்தியான வேளையில் மனிதர் தனியாக உட்கார்ந்து வெள்ளரிக்காய் தின்றுகொண்டிருந்தார்.

அந்த நேரம் பார்த்துத்தான் ஷிப்பிங் ஏஜெண்டு ஜீவன் வந்து சேர்ந்தார். பேரவையின் செயலாளர் அவர்தான்.

“அண்ணே, சிகரெட்ட விட்டுட்டீங்கன்னு கேள்விப்பட்டேன். ரொம்ப சந்தோசம். எங்க பேரவைக்கு உங்கள மாதிரி ஆளுதான் வேணும்.”

“என்னா பேரவை?”

“பைப் ரசிகர் பேரவை.”

“அதுவும் புகைதானே தம்பி?”

ஜீவன் இரண்டு காதையும் பொத்திக்கொண்டார். “அண்ணே, டத்தோ முன்னால அந்த வார்த்தைய சொல்லிடாதீங்க லா. சிகரெட்ட நெஞ்சுக்குள்ள இழுக்கணும். இது வாயோட சரி. வாய் கொப்பளிக்கிற மாதிரிதான். வாய் கொப்பளிக்கிறது பாவமா?”

பாவம் என்று சொல்ல முகுந்தனுக்குத் தெரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை கொமுட்டர் ரயிலேறி, பிரிக்பீல்ட்ஸில் இறங்கி, ஜீவனின் காரில் பங்சாருக்குப் போனார்.

கூட்டம் கடவுள் வாழ்த்தோடு தொடங்கியது. டத்தோ ரெங்கசாமி குத்துவிளக்கு ஏற்றினார். ஏற்றிய அதே தீக்குச்சியால் தம் பைப்பையும் பற்றவைத்தார். சிக்கனம் போலிருக்கிறது என்று நினைத்தார் முகுந்தன். “மரபு” என்று காதோரம் சொன்னார் ஜீவன். பிறகு துணைத்தலைவர் தலைவருக்குப் பொன்னாடை போர்த்தினார், தலைவர் துணைத்தலைவருக்குப் போர்த்தினார், இருவரும் சேர்ந்து பொருளாளருக்குப் போர்த்தினார்கள். பொன்னாடைகளில் ஆங்காங்கே தீப்பொறி பட்ட ஓட்டைகள். ஓட்டை அதிகம் உள்ள சால்வைக்காரர் முன்வரிசையில் உட்காரலாம் என்பது பேரவையின் ஏற்பாடு. முகுந்தனுக்குப் புதுச் சால்வை கொடுத்துக் கடைசி வரிசையில் உட்காரவைத்தார்கள்.

பிறகு ருசி. ஒரு வர்ஜீனியாப் புகையிலையைத் தட்டில் வைத்து, கோயிலில் விபூதி கொடுப்பதுபோல வரிசையாகக் கொடுத்துக்கொண்டே வந்தார்கள். எல்லோரும் அடைத்தார்கள், பற்றவைத்தார்கள். டத்தோ கண்ணை மூடி ஒருதரம் இழுத்துவிட்டு எழுந்து நின்றார்.

“முதல் இழுப்பிலே காட்டுத்தேன். அடிநாக்கிலே காய்ந்த பேரீச்சை. ஊதும்போது, அன்பர்களே, மழைக்கால மாலை.”

துணைத்தலைவர் தமக்கும் மாலைதான் தெரிந்தது என்றார். பொருளாளர் மழை தெளிவாகத் தெரிந்ததாகச் சொன்னார். முன்வரிசையில் ஒருவர் லேசாக இடி முழக்கமும் கேட்டதாகச் சேர்த்துக்கொண்டார். புதியவர் என்ன நினைக்கிறார் என்று டத்தோ கேட்டார்.

முகுந்தன் தடுமாறிப்போனார். “எனக்கு... ரசத்துக்குத் தாளிச்ச மாதிரி இருக்கு டத்தோ.”

முன்வரிசை மொத்தமும் திரும்பிப் பார்த்தது. டத்தோ, “ஆரம்ப நிலை” என்று பெருந்தன்மையோடு சொன்னார். எல்லோரும் கைதட்டினார்கள்.

அதற்குமேல் டத்தோவின் தலைமையுரை. பைப்பைப் பற்றித் தெரிந்தவர்களுக்கு ஒன்று தெரியும்: கவனிக்காமல் விட்டால் அது தானாக அணைந்துவிடும். டத்தோ மூச்சுவிடாமல் பேசினார். பைப் அணைந்து போனது. அணைந்த பைப்பையே அவ்வப்போது இழுத்து, “ஆஹா, இப்போது ஏலக்காய்” என்றார்.

“தம்பி, டத்தோ பைப்பு அணஞ்சு போச்சு” என்றார் முகுந்தன்.

“தெரியும். பேசாம இருங்க. தலைவர் பைப்பு அணஞ்சா மத்தவங்களும் அணைய விட்டுடணும். அவரு பத்தவெக்காம நாம பத்தவெக்கக் கூடாது. ரூல்ஸ்.”

திரும்பிப் பார்த்தால், வரிசையாக அத்தனை பேரும் குளிர்ந்துபோன பைப்பை வாயில் வைத்துக்கொண்டு ஏலக்காய்க்குத் தலையாட்டிக்கொண்டிருந்தார்கள். முகுந்தனுக்கு மனசு லேசானது. சே, இவ்வளவுதானா! இது ஏதோ பஜனை மடம் மாதிரி இருக்கிறது, இதற்குப் போய் பயந்தோமே என்று நினைத்தார்.

நினைத்தாரே தவிர, அந்த முதல் இழுப்பு அவருக்கு வாயோடு நிற்கவில்லை. பல வருசப் பழக்கம், நெஞ்சுக்குள் தானாக இறங்கியது. இறங்கியபோது கண்ணில் தண்ணீர் கட்டும் அளவுக்கு ஒரு சுகம். அதைப் பக்கத்து நாற்காலிக்காரருக்குக்கூடச் சொல்லவில்லை.

அன்று கடைசியாக வெனிலா சேர்த்த ஒரு கலவையை ருசித்தார்கள். முகுந்தன் வீட்டுக்குள் நுழைந்ததுமே சீதாலெட்சுமி நிமிர்ந்து பார்த்தார்.

“ஏங்க, எங்க போயிட்டு வரீங்க?”

“பிரிக்பீல்ட்ஸ்ல ஒரு சங்கக் கூட்டம் சீதா. சொன்னேன்ல.”

சீதாலெட்சுமி கிட்டே வந்து சட்டைத் தோளை மோந்து பார்த்தார். முகுந்தனுக்கு ஸ்டென்ட் வைத்த இடம் திக்கென்றது.

“கேக்கு வாசன வருது. உண்மைய சொல்லுங்க. கேக்கு சாப்டீங்களா?”

மனிதனுக்குச் சில சமயம் தப்பிக்கும் வழி, தேடாமலே வாசலில் வந்து நிற்கும். முகுந்தன் தலையைக் குனிந்துகொண்டார். “ஆமா. ஒரு துண்டு.”

இப்படியாக அவர், செய்யாத குற்றத்தை ஒப்புக்கொண்டு செய்த குற்றத்தைக் காப்பாற்றினார். திட்டு விழும் என்று எதிர்பார்த்தார். விழவில்லை. சீதாலெட்சுமி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“புகைய விட்டவரு. வாய் எதையாச்சும் கேக்கத்தான் செய்யும். பாவம், நீங்க என்னா செய்வீங்க” என்றார்.

மறுநாள் காலையில் முகுந்தன் பார்த்தார். சீதாலெட்சுமியின் தேத்தண்ணி கறுப்பாக இருந்தது. அந்த வீட்டில் தேத்தண்ணி என்றால் கரண்டி நிற்கிற அளவுக்குக் கெட்டிப்பாலும் சீனியும் போட்டுக் குடிக்கிறவர் அவர். ஒரு வாய் குடித்துவிட்டு, வேப்பெண்ணெய் குடித்தவர்போல முகத்தைச் சுளித்தார்.

“என்னா சீதா இது, கோசோங்? பாலு, சீனி ஒன்னுமில்லாம?”

“நீங்க இனிப்ப விடுற வரைக்கும் நானும் சீனி தொடமாட்டேன். முருகன்கிட்ட சொல்லிட்டேன். ரெண்டு பேரும் சேந்து விட்டா உங்களுக்கும் லேசா இருக்கும்.”

அடுத்த ஞாயிறு செர்ரி வாசனையோடு வந்தார். அதற்கடுத்தது சாக்லெட். சீதாலெட்சுமி வாசலிலேயே மோந்து பார்த்து, “இன்னைக்கு சாக்லெட்டா?” என்று கேட்பார். “சின்னத் துண்டுதான்” என்பார் முகுந்தன். “பரவால்ல, கொறச்சிக்கிட்டுத்தான் வரீங்க” என்று சொல்லிவிட்டுப் போய், கறுப்புத் தேத்தண்ணியை எடுத்துக்கொண்டு உட்காருவார். அந்த முகச்சுளிப்பைப் பார்க்கும்போதெல்லாம் முகுந்தன் இதோ சொல்லிவிடுகிறேன் என்று வாயைத் திறப்பார். திறந்த வாயைப் பார்த்து, “இன்னொரு இட்லி வெக்கட்டுமா?” என்பார் சீதாலெட்சுமி. முகுந்தன் இட்லியைத் தின்றார். 

பேரவையின் ஆண்டுப் பொதுக்கூட்டம் வந்தது. டத்தோ உரையாற்றினார். அந்த உரையை நான் அப்படியே தருகிறேன், என் சரக்கு எதையும் கலக்கவில்லை.

“அன்பர்களே! நம்மைப் பார்த்துச் சிலர் கேட்கிறார்கள், உடம்புக்குக் கெடுதி இல்லையா என்று. நான் சவால் விடுகிறேன்! பேரவை தொடங்கிய நாள் முதல் இன்றுவரை நம் உறுப்பினர் ஒருவருக்குக்கூட நோய் வந்ததில்லை. ஏன்? நோய் வந்த மறுநிமிடமே அவர் உறுப்பினர் இல்லை. ‘ஓய்வுநிலை நண்பர்’ என்ற உயர்ந்த தகுதிக்கு நாம் அவரை உயர்த்திவிடுகிறோம். இந்த ஆண்டு அப்படி உயர்ந்தவர் நம் நலவாழ்வுச் செயலாளர் திரு பாலன். இந்த நாட்டில் எந்தச் சங்கம் தன் நோயாளிகளை இப்படிக் கௌரவிக்கிறது, சொல்லுங்கள்!”

எல்லோரும் கைதட்டினார்கள். காலியான நலவாழ்வுச் செயலாளர் பதவிக்கு ஜீவன் ஒரு பெயரை முன்மொழிந்தார்: “சிகரெட்டை விட்டவர், நெஞ்சில் ஸ்டென்ட் வைத்தும் நம்மோடு ருசிப்பவர், அண்ணன் முகுந்தன்!” ஸ்டென்ட் நோயில்லையா என்று பின்னாலிருந்து ஒருவர் சந்தேகம் கிளப்பினார். அது பேரவையில் சேருவதற்கு முன்னாலேயே வைத்தது, ஆகவே பேரவைக்குச் சம்பந்தமில்லை என்று டத்தோ தீர்ப்புச் சொன்னார். முகுந்தன் வேண்டாம் வேண்டாம் என்று கையை ஆட்டினார். கையசைத்து ஏற்றுக்கொள்கிறார் என்று அறிவித்தார்கள். ஓட்டை விழுந்த சால்வை ஒன்றையும் போர்த்தினார்கள்.

அந்த மாதம் ஆஸ்பத்திரியில் செக்கப். கூட வந்த சீதாலெட்சுமி மருந்து கவுண்டரில் நின்றிருந்தார். காத்திருக்கும் இடத்தில் ஒரு மனிதர், மூக்கில் டியூபும் பக்கத்தில் உருளை சிலிண்டருமாக உட்கார்ந்திருந்தார். முகுந்தனைக் கண்டதும் பேப்பரை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டார். பழைய நலவாழ்வுச் செயலாளர் பாலன்தான்.

“பாலன் அண்ணே, எப்படி இருக்கீங்க?”

“என்னப் பாக்கலன்னு வெச்சுக்க தம்பி.” பேப்பருக்குப் பின்னாலிருந்து குரல் விட்டுவிட்டு வந்தது. “ஓய்வுநிலை ஆளு... வெளிய உறுப்பினரோட... பேசக் கூடாது. ரூல்ஸ்.” கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டு, “டத்தோகிட்ட சொல்லு, பொன்னாட... கெடச்சுது. தேங்ஸ்” என்றார்.

முகுந்தனை உள்ளே கூப்பிட்டார்கள். டாக்டர் புகை பற்றிக் கேட்டார். முகுந்தன் பதில் தேடுவதற்குள், பின்னாலேயே வந்துவிட்ட சீதாலெட்சுமி முந்திக்கொண்டார்.

“ஒன்னு கூடத் தொடல டாக்டர்! பொய் சொல்லமாட்டேன், கேக்குதான் அப்பப்ப. அதுகூட கொறச்சிட்டாரு.”

டாக்டர் சிரித்து, உங்களைப்போல மனைவி கிடைக்கவேண்டும் என்றார். சீதாலெட்சுமிக்கு முகமெல்லாம் பூரிப்பு. முகுந்தனுக்கு அந்த நாற்காலியோடு பூமிக்குள் போய்விடலாம் போலிருந்தது. இத்தோடு போதும், பேரவையை விட்டுத் தொலைத்துவிடுவது என்று காருக்கு நடக்கும்போதே முடிவு கட்டினார்.

ஞாயிற்றுக்கிழமை நேராக டத்தோவிடம் போய், “நான் விலகிக்கிறேன் டத்தோ” என்றார்.

டத்தோ பைப்பை வாயிலிருந்து எடுக்காமலே பேசினார். “முகுந்தன், நம்ம பேரவைய விட்டு விலகுறவங்க ரெண்டே வகை. உடம்பு சரியில்லாதவங்க, நன்றி இல்லாதவங்க. நீங்க எது?”

முகுந்தன் இரண்டுமில்லை என்றார். அப்படியானால் விலகக் காரணமே இல்லையே என்றார் டத்தோ. கணக்கு சரியாகத்தான் இருந்தது. அதோடு டத்தோ அவர் தோளில் கைபோட்டு உள்ளே அழைத்துப்போய்க் கம்ப்யூட்டரில் ஒரு படத்தைக் காட்டினார். இந்தத் தைப்பூசத்துக்குப் பத்துமலைச் சாலையோரம் பேரவை தண்ணீர்ப் பந்தல் போடுகிறது, பக்தர்களுக்கு மோர் கொடுக்கிறது. அதற்கான பேனர் அது.

நடுவில் டத்தோ, மார்பளவுக்கு, கைகூப்பியபடி. வலது மூலையில் முருகன், ஒரு தபால்தலை அளவுக்கு. கீழே செயற்குழு மொத்தமும் வரிசையாக, ஆளுக்கொரு பைப்பை வாயில் வைத்துக்கொண்டு. அந்த வரிசையில் நாலாவதாக பூவேலைப்பாடு போட்ட நீலநிற பாத்தேக் சட்டையில், கன்னம் குழிய இழுத்துக்கொண்டிருந்தவர் முகுந்தன். கீழே, ‘நலவாழ்வுச் செயலாளர்’.

“டத்தோ, கோயிலுக்குப் போற வழில... என் படம் வேணாமே.”

“செயற்குழுவில ஒருத்தர் படத்த எடுத்தா பேரவை ஒடஞ்சிடுச்சின்னு பேசுவாங்க.”

“அப்ப பைப்பையாச்சும் எடுத்துடுங்க.”

ஜீவன் இரக்கப்பட்டு எடுத்துப் பார்த்தார். பைப் போன வாய் விசிலடிப்பதுபோலக் கூம்பிக்கொண்டு நின்றது. அந்த இடத்தில் ஒரு புல்லாங்குழலை வைத்துப் பார்த்தார். முருகன் விசேஷத்தில் இன்னொரு சாமியை நுழைப்பது சரியில்லை என்று டத்தோ மறுத்துவிட்டார். பைப் திரும்ப வந்தது.

முகுந்தன் வீட்டுக்குப் போனபோது சீதாலெட்சுமி விரதத்தில் இருந்தார். ஒருவேளைச் சாப்பாடு, தரையில் பாய், சீனி இல்லாத தேத்தண்ணி. பால்குடத்தைத் தேய்த்துப் பளபளவென்று பூஜை அறையில் கவிழ்த்து வைத்திருந்தார். பந்தலில் மோர் ஊற்றும் வேலை தமக்கு என்று முகுந்தன் சொன்னதும் அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

“பாருங்களேன், நீங்க மோர் ஊத்துறீங்க, நான் பால் எடுக்குறேன். ஆஸ்பத்திரில அன்னைக்கு எப்படி இருந்தோம்! எந்தப் பந்தல்னு சொல்லுங்க, வந்து உங்கள பாத்துட்டுத்தான் மேல ஏறுவேன்.”

“கூட்டத்துல எதுக்கு சீதா...”

“வந்து பாப்பேன்.”

சொல்லவேண்டிய நேரம் அதுதான். முகுந்தனுக்கும் தெரியும். ஆனால் விரதம் இருப்பவரிடம் மனம் நோகும்படி எதுவும் சொல்லக் கூடாது என்று தமக்கே ஒரு விதியைப் போட்டுக்கொண்டு, அதன்படி வாயை மூடிக்கொண்டார். விதி போடுகிற வித்தையைப் பேரவையில்தான் கற்றுக்கொண்டார்.

தைப்பூசத்தன்று பத்துமலைச் சாலையில் காலை வைக்க இடமில்லை. உறுமியும் மேளமும் ‘வேல் வேல்’ சத்தமும் காதைப் பிளந்தன. பேரவைப் பந்தலில் உறுப்பினர்கள் எல்லோரும் மஞ்சள் டீ-சட்டை போட்டு, வாயில் பைப்போடு மோர் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். புனிதமான இடம் என்பதால் பற்றவைக்கக் கூடாது, அடையாளத்துக்காக வாயில் வைத்திருக்கலாம் என்று தீர்மானம் போட்டிருந்தார்கள். மோர் வாங்கிய ஓர் ஆன்டி, “என்னா அங்கிள், எல்லாருக்கும் பல்லு வலியா?” என்று கேட்டுவிட்டுப் போனார்.

முகுந்தன் விடியும் முன்பே வந்து, பந்தல் காலில் கட்டியிருந்த வாழைமரத்தை நகர்த்திப் பேனரில் தம் முகத்துக்கு நேராகக் கட்டிவிட்டார். அது நல்ல யோசனைதான். ஆனால் டத்தோ வந்தவுடன், வாழை இலை தம் காதின் மேல் படுகிறது என்று அதை அவிழ்த்துத் தூரக் கட்டச் சொன்னார். முகுந்தன் பைப்பைக் கால்சட்டைப் பையில் போட்டுக்கொண்டு மோர் டிரம்முக்குப் பின்னால் குனிந்துகொண்டார்.

கூட்டத்தில் மஞ்சள் புடவை தெரிந்தது. பக்கத்து வீட்டு மாதவி வழிவிட்டு முன்னால் வர, சீதாலெட்சுமி தலையில் பால்குடத்தோடு, இரண்டு கையாலும் அதைப் பிடித்துக்கொண்டு, வெறுங்காலோடு நடந்து வந்தார். பந்தல் முன்னால் நின்றார். குடத்தோடு தலையை நிமிர்த்த முடியாது. டத்தோவின் முகம் அவர் கண்ணுக்கு எட்டவில்லை. கீழ்வரிசைதான் நேராக, முகத்துக்கு முகம் தெரிந்தது.

நாலாவது முகத்தில் அவர் கண் நின்றது.

“ஏங்க” என்றார். குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. “இது எப்போ புடிச்ச போட்டோ?”

முகுந்தன் டிரம்முக்குப் பின்னாலிருந்து எழுந்தார். கையில் மோர்க் கரண்டி. “அது... பழசு சீதா. ரொம்பப் பழைய போட்டோ. நெஞ்சு வலிக்கு முந்தி.”

“அந்தச் சட்ட நீங்க ஆஸ்பத்திரில இருந்து வந்தப்புறம் நான் எடுத்துக் குடுத்தது.”

 அந்தச் சமயம் ஜீவன் டத்தோவின் காதில் ஏதோ சொல்ல, டத்தோ மைக்கைப் பிடித்துவிட்டார்.

“பக்தகோடிகளே! இதோ பால்குடத்தோடு வந்திருப்பவர் நம் நலவாழ்வுச் செயலாளரின் தர்மபத்தினி! சிகரெட் என்ற அரக்கனை விட்டொழித்து, ஞாயிறு தவறாமல் நம்மோடு அமர்ந்து, வெனிலா என்ன, செர்ரி என்ன, சாக்லெட் என்ன, உலகத்தின் உயர்ந்த புகையிலைகளை ருசித்து வரும் நம் முகுந்தனின் ஆரோக்கியமே இந்தப் பேரவையின் சாதனை!”

கைதட்டல் விழுந்தது. சீதாலெட்சுமி அந்தச் சத்தம் அடங்கும்வரை பொறுத்தார்.

“அப்போ கேக்கு?”

“கேக்கு சாப்டல சீதா” என்றார் முகுந்தன். “ஒரு துண்டு கூட சாப்டல.”

பல மாதங்களுக்குப் பிறகு மனைவியிடம் அவர் சொன்ன முதல் உண்மை அதுதான். சீதாலெட்சுமிக்குக் கண்ணீர் வழிந்தது. துடைக்கக் கை இல்லை, இரண்டு கையும் குடத்தில் இருந்தன. மாதவிதான் முந்தானையால் துடைத்துவிட்டார்.

“சீனியில்லாத தேத்தண்ணி குடிக்கிறேன், தெரியுமில்ல உங்களுக்கு. தெனமும் பாத்துக்கிட்டுத்தானே இருந்தீங்க” என்றார். “சரி, அத விடுங்க. இப்ப நான் முருகன்கிட்ட நன்றி சொல்லப் போய்க்கிட்டு இருக்கேன். எம்புருசன் புகைய விட்டுட்டாரு, நீ குடுத்துட்ட, நானும் எடுத்துட்டேன்னு சொல்லி இந்தப் பாலக் குடுக்கணும். இப்ப என்னான்னு சொல்லட்டும்?”

முகுந்தனின் கரண்டியிலிருந்து மோர் காலில் சொட்டிக்கொண்டிருந்தது.

“எறக்கி வெக்கவும் முடியாது, எடுத்தாச்சு. மேல போய்ச் சேர்றதுக்கு இன்னும் கொஞ்சம் நேரமிருக்கு. அதுக்குள்ள யோசிச்சு வைங்க” என்று சொல்லிவிட்டு நடந்தார். கூட்டம் அவரை வாங்கிக்கொண்டது.

“அடுத்து” என்றார் டத்தோ மைக்கில், “நன்றியுரை, நலவாழ்வுச் செயலாளர்.”

முகுந்தன் கரண்டியை டிரம்மில் போட்டார். பையிலிருந்த பைப்பை எடுத்து மோர்க் கிளாஸ்களுக்கு நடுவில் வைத்தார். பேட்ஜைக் கழற்றி அதன் பக்கத்தில் வைத்தார். செருப்பையும் அங்கேயே விட்டுவிட்டுக் கூட்டத்துக்குள் இறங்கினார்.

“அண்ணே, நன்றியுரை!” என்று கத்தினார் ஜீவன். “நன்றியுரை சொல்லாம கூட்டத்த முடிக்க முடியாது லா!”

பின்னால் டத்தோவின் குரல் ஒலிபெருக்கியில் நிதானமாகக் கேட்டது. “திரு முகுந்தன் அவர்கள் இந்த நிமிடம் முதல் ஓய்வுநிலை நண்பராக உயர்த்தப்படுகிறார். நம் பேரவையில் இன்றும் நோயாளிகள் எவரும் இல்லை என்பதை மகிழ்ச்சியோடு தெரிவித்துக்கொள்கிறேன்.”

முகுந்தன் மலைப்படிக்கு வந்தபோது சீதாலெட்சுமி நன்றாக ஏறியிருந்தார். இவரும் ஏறினார். கொஞ்சம் ஏறுவதற்குள் மூச்சு இரைத்தது. மார்புக்குள் விசில் மாதிரி ஒரு சத்தம், தமக்கே அசிங்கமாகக் கேட்டது. கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். செர்ரி, சாக்லெட், வெனிலா எல்லாம் உள்ளே உட்கார்ந்துகொண்டு எழ மறுத்தன. காவடிகள் அவரைத் தாண்டிப் போயின. பாலன் மூக்கில் டியூபோடு பேப்பருக்குப் பின்னால் ஒளிந்தது ஞாபகம் வந்தது. வெட்கமாக இருந்தது, பயமாகவும் இருந்தது. மறுபடி ஏறினார்.

சீதாலெட்சுமிக்கு இரண்டு படி கீழே வந்து சேர்ந்தபோது பேச்சே வரவில்லை.

“விட்டுட்டேன்...” என்றார் இரைப்புக்கு நடுவில். “விட்டுட்டேன்னு... சொல்லிடு சீதா.”

சீதாலெட்சுமி நின்றார். திரும்பவில்லை, பால்குடத்தோடு திரும்ப முடியாது. அந்த இரைப்பை மட்டும் கேட்டுக்கொண்டு நின்றார். ஓரமாக ஒரு பால் துளி வழிந்து கழுத்தில் இறங்கியது.

“இதுவரைக்கும் உங்களுக்காக நான் சொன்னது போதும்” என்றார். “நீங்களே வந்து சொல்லுங்க.”

ஏறினார். நாலு படி போனதும் மறுபடியும் நின்றார். பின்னால் அந்த விசில் சத்தம் நெருங்கி வரும்வரை, தலையில் சுமையோடு, அசையாமல் காத்திருந்தார்.

“மெதுவா வாங்க” என்றார்.